வெள்ளைக் குஞ்சும் வம்சச் சந்தேகமும்

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று மலையடிவாரத்து ஊர்களில் நாட்டுக்கோழி வாங்க வருபவர் முதலில் பார்ப்பது இறகைத்தான். செவலை, காகம், கீரி என்றால் நாட்டுக்கோழி. வெள்ளை என்றால் பிராய்லர், இல்லையேல் லெகான் கலப்பு. பெருவிடைக்கோழி அடைகாத்த முட்டைகளில் ஒன்றே ஒன்று வெள்ளையாகப் பொரித்தாலும் தாயின் வம்சத்தின்மீதே சந்தேகம் விழுகிறது. இந்தத் தீர்ப்புக்கு மரபியலில் ஆதாரம் இல்லை என்பதே என் வாதம்.

கோழியின் வெள்ளை ஒரே வெள்ளை அன்று. நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் நிறைந்திருக்கும் வெள்ளை லெகானில் இருப்பது ஓங்கு வெள்ளை. கறுப்பு நிறமி படிவதற்குத் துணைபுரியும் புரதத்தின் மரபணுவான பிமெல்-17இல் ஒன்பது டி.என்.ஏ. எழுத்துகள் கூடுதலாகச் செருகிக்கொண்டிருப்பதே காரணம் என்று 2004இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினர். ஒரு பிரதி இருந்தாலே கறுப்பு அடங்கிவிடும். அங்கங்கே சில பொட்டுகள் மிஞ்சலாம்.

வெள்ளை பிளைமவுத் ராக் இனத்தின் வெள்ளையோ ஒடுங்கு வெள்ளை. நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் மரபணுவின் 4ஆம் இன்ட்ரானுக்குள் என்றோ ஒரு ரெட்ரோவைரஸ் நுழைந்து, ஏறத்தாழ 7,700 எழுத்து நீளத்துக்குத் தன் மரபுப்பொருளை விட்டுச் சென்றிருக்கிறது. 2006இல்தான் இது வெளியாயிற்று. இறகு வெளுக்கும், கண் வெளுக்காது. ஆகவே அல்பினோ அன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்து சேர்ந்தாலன்றி இந்த வெள்ளை வெளியே தெரியாது.

நம் வழக்குக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நிறமுள்ள சேவலும் பெட்டையும் ஆளுக்கொரு பிரதியைப் பல தலைமுறைகளாக மறைத்து வைத்திருக்கலாம். அவை இணைந்தால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு வெள்ளை. பெற்றோர் இரண்டும் காகமாக, அதாவது முழுக் கறுப்பாக இருக்கையில், அந்த வெள்ளை லெகானின் ஓங்கு வெள்ளையாக இருக்க வழியில்லை. இருந்தால் பெற்றோரில் ஒன்றிலேயே அது வெளிப்பட்டிருக்கும். செவலையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஓங்கு வெள்ளை கறுப்பைத்தான் அடக்கும், செந்நிறமியை அவ்வளவாகத் தொடாது. மார்பும் வாலும் வெளுத்து, கழுத்தும் முதுகும் சிவந்த சேவல் அதைச் சுமந்துகொண்டிருக்கும்.

மெண்டல் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை வில்லியம் பேட்சன் 1902இல் கோழிகளைக் கொண்டே நிறுவினார். அந்த விதிப்படி தூய லெகானையும் ஒடுங்கு வெள்ளையையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் வெள்ளை. ஆனால் பேரக்குஞ்சுகளில் 16க்கு 3 நிறத்தோடு பிறக்கும். பாட்டன் பாட்டி எல்லாரும் வெள்ளையாயிருந்தும் பேரனுக்கு நிறம்! நிறத்தைப் பார்த்து வம்சம் சொல்பவர் இந்தக் குஞ்சை நாட்டுக்கோழி என்றே விற்பார். ஐதராபாத்தில் உருவாக்கிய வனராஜாவும் நிறமுள்ள கோழிதான்; அதனாலேயே அது நாட்டுக்கோழி ஆகிவிடவில்லை.

பின் எதைப் பார்ப்பது? லெகானுக்குப் பெரிய ஒற்றைக் கொண்டை, வெள்ளைக் காதுமடல், வெள்ளை முட்டை; அது அடைக்குப் படுப்பதும் அரிது. பெருவிடைக்குத் தலையோடு ஒட்டிய பட்டாணிக் கொண்டை, சிவந்த காதுமடல். மஞ்சள் கால் மட்டும் சாட்சியாகாது. அந்த மஞ்சளுக்கான மரபணு வீட்டுக்கோழிக்குச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் தெரிந்தது. ராயகிரிக்கு மேற்கே மலைக்காட்டில் கூவுகிற அதே பறவையினம். லெகானின் காலில் இருப்பதும் அந்த மஞ்சள்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஐயம் தீராவிட்டால், வெள்ளைக் குஞ்சு பொரிக்காத வேறொரு வழியில் வந்த காகப் பெட்டையோடு, அந்த வெள்ளைக் குஞ்சு சேவலாக வளர்ந்ததும் சேர்த்து ஒரு டஜன் குஞ்சாவது எடுக்க வேண்டும். எல்லாம் நிறத்தோடு பிறந்தால் சேவலிடம் இருப்பது ஒடுங்கு வெள்ளை. பாதியோ முழுதுமோ வெளுத்து, கறுப்புப் பொட்டும் தென்பட்டால் ஓங்கு வெள்ளை. ஒடுங்கு வெள்ளையும் பண்ணைக் கோழி வழியாக வந்திருக்கலாம். அதற்குக் கொண்டையையும் அடைப்புத்தியையும்தான் பார்க்க வேண்டும். எப்படியானாலும் கறிக்கு அனுப்புமுன் ஓர் அடை பொறுத்துப் பார்ப்பது நல்லது.