பொருள்வயிற் பிரிந்தவள்

பொருள் தேடிப் பிரிந்து போவது தமிழ்க் கவிதையின் மிகப் பழைய கருக்களில் ஒன்று. பாலைத்திணைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். தலைவன் போயாக வேண்டும், போக மனமில்லை. பாதி வழியில் நின்று தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். ‘தலைவன் நெஞ்சிற்குச் சொல்லியது’ என்று அதற்கு ஒரு துறையே இருக்கிறது. வேலைக்காகப் பிரிகிறவரின் இரண்டுபட்ட மனத்தை இத்தனை நுணுக்கமாக எழுதிவைத்த மரபு நம்முடையது. ஆனால் அந்த நெஞ்சு ஆணின் நெஞ்சு. அவளுக்கு விதிக்கப்பட்டது வீட்டில் இருப்பது, சுவரில் கோடிட்டு நாளை எண்ணுவது.

பெண்ணும் பாலையைக் கடந்திருக்கிறாள். ஆனால் அகப்பாடல்களில் அது உடன்போக்கு, தலைவனோடு போவது. கடல் என்று வந்தால் அதுவும் கிடையாது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் விதி சொல்கிறது. இது கவிதைக்கான விதிதான், சட்டமல்ல. என்றாலும் ஒரு சமூகம் எதைப் பாடலாம், எதைப் பாடக் கூடாது என்று வகுப்பதிலும் அதன் மனம் தெரிகிறது. பிழைப்புக்காகத் தனியே கடல் கடந்தவளுக்குத் திணையுமில்லை, துறையுமில்லை.

ஆனாலும் அவள் போனாள். 1860ஆம் ஆண்டு நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் 1,52,000க்கு மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்று காலனிய அரசு பிற்பாடு விதித்தது. பெண்கள் மேல் அக்கறை கொண்டு வந்த விதியல்ல அது. அங்கே ஆண்களைத் தங்கவைக்கப் பெண்கள் தேவைப்பட்டார்கள். கணவனோடு போனவர்கள் உண்டு. கைம்பெண்களும், கணவனை விட்டு வந்தவர்களும், பஞ்சத்தில் யாருமற்றுப் போனவர்களும் தனியாகவே கப்பலேறினார்கள்.

கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம் என்று கட்டங்கள் இருந்தன. ஏன் வருகிறாய், எதை விட்டு வருகிறாய் என்று கேட்க ஒரு கட்டமில்லை. அந்த இடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள். அதிகாரிகளில் பலர் அவளை ஒழுக்கம் கெட்டவள் என்று எழுதினார்கள். தேசியவாதிகள் அவளை மீட்கப்பட வேண்டிய அபலையாகக் கண்டார்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி மனம் கசிந்து பாடினார். அந்தக் கண்ணீர் உண்மையானது. ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமையும் உண்மை. ஆனால் சவுக்கடிக்கும் வன்முறைக்கும் நடுவில், தன் கைக்கு முதன்முதலாக வந்த கூலியை எண்ணிப் பார்த்தபோது அவள் என்ன நினைத்தாள்? ஊரை நினைத்து அழுதவள், அதே ஊரின் தாலியறுப்பிலிருந்து தப்பியதற்காக ஒரு கணம் மூச்சு விட்டிருக்க மாட்டாளா? இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கும். நம் ஆவணங்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் பழகவில்லை.

கரும்பு வேறொரு பெண்ணின் கதையிலும் வருகிறது. தலச்சேரியில் 1897இல் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், சென்னையில் படித்து, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி, 1920களில் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றவர். 1931இல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போன சமயத்தில் போர் மூண்டது, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கடியில் ஒதுங்கிக்கொள்வதையும், காலையில் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிவிட்டு ஆய்வைத் தொடர்வதையும் பின்னாளில் நெருங்கியவர்களிடம் சொல்லியிருக்கிறார். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூல் வெளிவந்தது. நேருவின் அழைப்பில் 1951இல் நாடு திரும்பினார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அதனால்தான் போக முடிந்தது என்று சிலர் சுருக்கிவிடுவார்கள். ஓர் ஆண் விஞ்ஞானியின் பயணத்துக்கு இப்படி யாரும் காரணம் தேடுவதில்லை.

ஒரு பருவம் பாடம் நடத்த நான் வெளிநாடு போனபோது, என்ன பாடம் என்று கேட்டவர்களைவிடப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டவர்களே அதிகம். அந்த அறையில் யாருக்கும் சமைக்காமல் கழிந்த முதல் மாலை எனக்குப் பிடித்திருந்தது. அன்றிரவு வீட்டு ஞாபகத்தில் தூக்கமும் வரவில்லை. முதலாவதை ஊருக்கு வந்து சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டாவதைச் சொன்னபோது எல்லாரும் நிம்மதியடைந்தார்கள். பெண் பிரிவில் வருந்தினாள் என்றால்தான் அவள் போனதை மன்னிக்கிறது உலகம்.

விமானத்தில் போகும் ஆசிரியைக்கு இது மனக்கிலேசம். வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கோ இது அரசாணை. திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக் 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது அவருக்குப் பதினேழு வயது. கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டிருந்தது. அவர் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. 2013 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு இலங்கை அரசு குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போக முடியாது என்றானது. 2022இல்தான் அந்த வரம்பு இரண்டு வயதாகக் குறைந்தது. இந்தியாவில், குடியகல்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெண், அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஏழைப் பெண், வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போக முப்பது வயது நிரம்ப வேண்டும்.

பாதுகாப்புக்காக என்கிறார்கள். ரிசானாவைக் கைவிட்டவை போலிக் கடவுச்சீட்டு செய்த முகவர் வலையும், பணிப்பெண்ணுக்கு உரிமை தராத சட்டங்களும். அவற்றைத் திருத்துவதைவிடத் தாய்மாரைத் தடுப்பது அரசுக்கு எளிது. தடுத்தால் பசி நிற்பதில்லை. அவள் முகவரின் கள்ள வழியில் போகிறாள், ஆபத்து கூடுகிறது.

குடும்பப் பின்னணி அறிக்கை பெண்ணிடம் மட்டுமே கேட்கப்பட்டது. கைக்குழந்தையை விட்டுக் கட்டட வேலைக்குப் போகும் தகப்பனிடம், உன் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. அவனுடைய பிரிவு கடமை; அதைப் பாட நமக்கு ஈராயிரம் ஆண்டுச் சொற்கள் இருக்கின்றன. அவளுடைய பிரிவில் துயரமும் உண்டு, விடுதலையும் உண்டு, களைப்பும் உண்டு, கூலிநாளின் பெருமிதமும் உண்டு. அவற்றில் ஒன்றை மறைத்தால்தான் இன்னொன்றைச் சொல்லலாம் என்ற நிலை மாற வேண்டும். பாதி வழியில் நின்று அவள் தன் நெஞ்சோடு பேசுவதற்கும் ஒரு துறை வேண்டும். அதை அவள்தான் எழுத வேண்டும்; எழுத நேரமும் அவளுக்குக் கிடைக்க வேண்டும்.