ஆசனப் பயிற்சியும் உளநலமும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு மாநகரில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் குறிப்பிடத்தக்கவை. முன்னதில் இராமகிருஷ்ண மிஷனும், பின்னதில் 1902ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற விவேகானந்த சபையும் அமைந்துள்ளன. யோகம் என்னும் சொல் நகரத் தமிழரிடையே நிலைபெற்றதில் இத்தகைய நிறுவனங்களுக்குப் பங்குண்டு. எனினும், இன்று அச்சொல்லைக் கேட்டதும் பலர் நினைவில் எழுவது கைகால்களை நீட்டியும் முதுகை வளைத்தும் செய்யும் உடற்பயிற்சியே. அதனை நாள்தோறும் செய்துவரின் மனக்கவலை தணியும் என்பாரும் உளர். இக்கருத்து எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அது எவ்வளவிற்கு ஏற்புடையது என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றிய சூத்திரங்கள் மூன்றே. அசையாமலும் இடரின்றியும் அமர்ந்திருத்தலையே அவர் ஆசனம் என்றார். ஆயினும் உடலுக்கும் உளத்துக்குமுள்ள தொடர்பை அவர் நன்கு உணர்ந்திருந்தார். மனம் சிதறும்போது துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், மூச்சின் ஒழுங்கின்மை ஆகியன உடன் தோன்றும் என்று அவர் ஓரிடத்தில் தொகுத்துக் கூறுகின்றார். தமிழில் இப்பொருளை விரிவாகப் பேசும் பழைய நூல் பன்னிரு திருமுறைகளுள் பத்தாவதாகிய திருமந்திரமாகும். அதன் மூன்றாந் தந்திரம் இயமம் தொடங்கிச் சமாதி ஈறாக எட்டு உறுப்புகளையும் விளக்குகின்றது. உடம்பை இழிவானதாகக் கருதியிருந்த தாம் பின்னர் அதனைப் பேணத் தொடங்கியதாகவும் திருமூலர் கூறுகின்றார். ஆகவே, ஆசனம் அக்காலத்தில் மனத்தை நிலைநிறுத்துவதற்குரிய ஒரு படியாக விளங்கியது எனலாம்.

சுவாமி விவேகானந்தர் மேலை நாடுகளிலிருந்து திரும்பியபோது 1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் வந்திறங்கினார். அதற்கு முன்னைய ஆண்டில் வெளிவந்த அவரது ‘இராஜயோகம்’ என்னும் நூல் தியானத்துக்கே முதலிடம் அளித்தது. உடலை வலுவாக்குவதையே குறியாகக் கொண்ட ஹடயோகத்தை அவர் பெரிதாக மதித்தாரல்லர். அவர் பெயர் தாங்கிய சபை தோன்றிய காலத்தில் யோகம் என்பது பெரிதும் ஞான விசாரணையையே குறித்தது. குடியேற்ற ஆட்சிக்காலப் பாடசாலைகளிலோ, அணிவகுத்து நின்று கட்டளைக்கேற்ப இயங்கும் தேகப்பயிற்சியே உடற்கல்வியாக விளங்கியது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று நெருங்கிய காலம் 1920களாகும். 1924இல் சுவாமி குவலயானந்தர் மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவி, ஆசனங்களையும் பிராணாயாமத்தையும் அறிவியல் கருவிகளைக் கொண்டு ஆராயத் தலைப்பட்டார். பெங்களூரைச் சேர்ந்த யோகாசாரியர் சுந்தரம் எழுதிய ஆங்கில நூல், யோக உடற்பயிற்சியை மகிழ்ச்சியின் இரகசியமாகவே அறிமுகப்படுத்தியது. அவரது ‘சுந்தர யோக சிகிச்சை’ தமிழ் வாசகர் பலரும் அறிந்த நூலாகும். 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் ஆசனங்களை மூச்சோடு இணைத்துத் தொடர்ச்சியாகச் செய்யும் முறையைக் கற்பித்தார். இன்று ‘பழமையான யோகம்’ என வழங்கும் பயிற்சியில் மரபோடு புதுமையும் கலந்துள்ளது என்பதை மறைக்க வேண்டியதில்லை. காலத்துக்கேற்ப மாறியதனாலன்றோ அது துறவியர் மடத்தைக் கடந்து இல்லறத்தார் வீட்டினுள் புகுந்தது!

இம்மாற்றத்தில் தமிழர் இருவர் ஆற்றிய பணி பெரிது. பத்தமடையிற் பிறந்த சுவாமி சிவானந்தர் துறவு பூணுமுன் மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1936இல் தெய்வநெறிக் கழகத்தைத் தோற்றுவித்த அவர், 1950இல் இந்தியாவெங்கும் சுற்றுப்பயணம் செய்தபோது இலங்கைக்கும் வந்தார். கோவை மாவட்டத்திற் பிறந்த அவரது சீடர் சுவாமி சச்சிதானந்தர், 1950களில் இலங்கைக்கு வந்து கண்டியில் ஆச்சிரமம் அமைத்துப் பணிபுரிந்தபின், 1966இல் நியூயோர்க் சென்றார். அவரிடம் பயின்ற அமெரிக்க மருத்துவர் டீன் ஓர்னிஷ் 1990இல் வெளியிட்ட இருதய நோய் ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடும் நடைப்பயிற்சியோடும் தசைகளை நீட்டும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவையும் மன அழுத்தத்தைத் தணிக்கும் வழிகளாக இடம்பெற்றன.

கொழும்புத் தமிழருக்கு உளநலம் ஏட்டளவிலான வினாவாக இருந்ததில்லை. 1983 ஜூலை வன்செயலில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. உயிர்கள் பறிபோயின, ஆயிரக்கணக்கானோர் அகதி முகாம்களில் தஞ்சமடைந்தனர். பின்னர் போரினால் வடகிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரும் இப்பகுதிகளில் குடியேறினர். போர் விளைத்த உளக் காயங்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் நூலெழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், நம் சமூகத்தில் உளத்துயர் பெரும்பாலும் உடல்நோவாகவே வெளிப்படுவதை எடுத்துக்காட்டியுள்ளார். “மனம் வருந்துகின்றது” என்று கூற நாணுவோர் தலையிடி, நெஞ்சு நோவு, உறக்கமின்மை என்றே வைத்தியரை நாடுவர். மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, மந்திர உச்சாடனம் முதலிய மரபுவழி முறைகள் இத்தகையோருக்கு உதவும் என்பது அவர் கருத்து.

ஆய்வுகள் கூறுவது யாது? 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலையின் பின், வடகிழக்குக் கரையோர முகாமொன்றில் 31 சிறுவர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் தம் அனுபவத்தை வரிசையாக எடுத்துரைக்கும் சிகிச்சையையும், மறு குழுவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொண்ட சிகிச்சையையும் ஆறு அமர்வுகளிற் பெற்றனர். 2009இல் வெளியான முடிவுகளின்படி இரு குழுவினரும் பெரிதும் தேறினர். சிகிச்சை பெறாத குழுவொன்று ஒப்பீட்டுக்கு இல்லாமையால், அத்தேற்றத்தில் காலத்தின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய முடியவில்லை. மனச்சோர்வும் யோகப் பயிற்சியும் பற்றிய 12 ஆய்வுகளை, அவற்றிற் பங்குகொண்ட 619 பேரின் விவரங்களோடு ஒருங்கே வைத்து மதிப்பிட்ட 2013ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, குறுகிய காலத்தில் ஓரளவு நன்மை உண்டென்று கண்டது. ஆய்வுகளின் தரம் போதாது என்பதையும் அது சுட்டிற்று.

அந்நன்மைக்குக் காரணம் கூறுதல் அரிதன்று. அச்சத்திலும் துயரிலும் தோளும் கழுத்தும் தாடையும் இறுகுகின்றன, மூச்சு குறுகுகின்றது. மெல்ல நீட்டித் தளர்த்தும்போது அவ்விறுக்கம் குறைகின்றது. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கின்றது. பதஞ்சலி ஒருங்கே கண்ட சோர்வையும் நடுக்கத்தையும் மூச்சையும் இன்றைய உடலியலும் இணைத்தே நோக்குகின்றது. இதற்குக் கடினமான ஆசனங்கள் வேண்டியதில்லை. தொடர்மாடி வீட்டின் சிறிய அறையில் ஒரு பாய் விரிக்குமளவு இடம் போதும். நாள் தவறாமையே முதன்மையானது.

ஆயினும் இதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். கடுமையான உளநோய்க்கு மருத்துவரின் துணை இன்றியமையாதது. வீட்டையும் உறவினரையும் இழந்தவருக்கு நீதியும் வாழ்வாதாரமும் வேண்டும். அவற்றுக்கு ஈடாக ஆசனத்தை எடுத்துரைப்பது அறமாகாது. ஆனால் தன் துயரைச் சொல்லால் உரைக்க இயலாத ஒருவர் அதனைத் தீண்டத் தொடங்குவதற்கு உடல் ஒரு வாயிலாகின்றது. உளநலத்தைப் பேசவே தயங்கும் நம் சமூகத்தில் நாணமின்றி நுழையத்தக்க வாயில்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று நம் மரபிலேயே திறந்திருப்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.