முகம் அறிதல் ஆய்வு

ஒருவரின் முகத்தைப் பார்த்து அவர் இன்னார் என்று அறிவதும், அவர் மனநிலையை ஊகிப்பதும் எப்படி நடக்கின்றன என்பதை ஆராயும் துறை முகம் அறிதல் ஆய்வு. 19ஆம் நூற்றாண்டில் உடற்கூறியலாளர்களின் கையில் தொடங்கி, நரம்பியல், உளவியல், மானிடவியல் ஆகியவற்றில் வேரூன்றி, இன்று நீதிமன்றம் வரைக்கும் வந்திருக்கிறது. இரண்டு நூற்றாண்டு உழைப்பில் இரு முடிவுகள் தெளிவாகியுள்ளன. ஆளை அடையாளம் காண்பதும் முகபாவத்தைப் படிப்பதும் பெரும்பாலும் தனித்தனி வேலைகள் என்பது ஒன்று. பழகிய முகத்தை எந்தக் கோலத்திலும் கண்டுகொள்ளும் மனிதர், பழகாத முகத்தை அடையாளம் காண்பதில் அடிக்கடி தவறுகிறார் என்பது மற்றொன்று. இரண்டாவது முடிவு நிரபராதிகளின் வாழ்க்கையோடு தொடர்புடையது.

தசையும் மின்சாரமும்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சார்லஸ் பெல், எந்த உணர்ச்சியில் எந்தத் தசை இயங்குகிறது என்பதை ஓவியர்களுக்கு விளக்கி 1806இல் ஒரு நூல் வெளியிட்டார். பிரெஞ்சு மருத்துவர் துஷேன், முகத்தில் உணர்வு மரத்துப்போன ஒரு முதியவரின் கன்னத்திலும் நெற்றியிலும் மின்முனைகளை வைத்து, தசைகளை ஒவ்வொன்றாக இயக்கிப் புகைப்படம் எடுத்தார். முதியவருக்கு வலி தெரியவில்லை. ஆனால் முகத்தில் அச்சமும் வேதனையும் சிரிப்பும் மாறி மாறித் தோன்றின. உதட்டை மேலிழுக்கும் தசையை மட்டும் இயக்கினால் சிரிப்பு பொய்யாகத் தெரிகிறது, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கினால்தான் மெய்யாகத் தெரிகிறது என்று 1862இல் அவர் பதிவு செய்தார்.

அந்தப் படங்களைச் சார்லஸ் டார்வின் விளக்கம் ஏதும் சொல்லாமல் இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் காட்டி, என்ன உணர்ச்சி என்று கேட்டார். சில படங்களுக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடை சொன்னார்கள், சிலவற்றுக்கு ஆளுக்கொரு விடை வந்தது. படத்தைக் காட்டித் தீர்ப்புக் கேட்கும் இந்த முறையே பிற்காலத்து முகபாவ ஆய்வுகளின் அடித்தளம் ஆயிற்று. வெவ்வேறு மக்களின் முகபாவங்களைப் பற்றி டார்வின் 1867இல் அச்சிட்டு அனுப்பிய வினாப்பட்டியலுக்கு 36 பேர் பதில் எழுதினார்கள். கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த குறிப்புகளும் அவற்றில் அடக்கம். முகபாவங்களில் முக்கியமானவை மனித இனம் முழுவதற்கும் பொது என்று 1872இல் வெளியான தம் நூலில் அவர் வாதிட்டார்.

முகம் அறியாத நோயாளிகள்

ஆளை அறியும் திறனைப் பற்றிய முதல் தடயங்கள் நோயாளிகளிடமிருந்து கிடைத்தன. மூளைப் பாதிப்புக்குப் பின் தெரிந்த முகங்களை அறியமுடியாமல் போன ஒருவரைப் பற்றி இத்தாலிய மருத்துவர்களான குவாலினோவும் பொரெல்லியும் 1867இல் எழுதினார்கள். 1947இல் ஜெர்மன் நரம்பியலாளர் யோவாகிம் போடமர், போரில் தலையில் காயம்பட்டவர்களை விவரித்து, இந்தக் குறைபாட்டுக்குப் புரோசோபாக்னோசியா என்று பெயரிட்டார். அவர்களில் ஒருவர் 24 வயது இளைஞர். தலையில் குண்டு பாய்ந்தபின் அவருக்கு நண்பர்களின் முகமோ வீட்டாரின் முகமோ கண்ணாடியில் தெரியும் தம் முகமோகூட யாருடையது என்று தெரியவில்லை. குரலைக் கேட்டும் நடையைப் பார்த்தும் ஆளைச் சொல்லிவிடுவார். பார்வையும் நினைவும் இருக்க, முகத்தை அறியும் திறன் மட்டும் தனியாகக் கெடக்கூடும் என்பது இதனால் புலப்பட்டது.

மூளைக் காயம் எதுவுமின்றிப் பிறவியிலேயே இக்குறைபாடு உள்ளவர்களும் இருக்கிறார்கள். மக்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கு இது இருக்கலாம் என்று 2000த்துக்குப் பிந்தைய ஆய்வுகள் மதிப்பிட்டன. நரம்பியலாளரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கும் இக்குறைபாடு இருந்தது.

தலைகீழ் முகங்கள்

எம்ஐடியில் ஆராய்ந்த ராபர்ட் யின், முகம், வீடு, விமானம் முதலியவற்றின் படங்களை நேராகவும் தலைகீழாகவும் காட்டி நினைவைச் சோதித்து 1969இல் முடிவுகளை வெளியிட்டார். நேராகக் காட்டியபோது மிக நன்றாக நினைவில் நின்றவை முகங்களே, தலைகீழாக்கியதும் மிக மோசமாக மறந்துபோனவையும் அவையே. 1980இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சன், மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் திருப்பி ஒட்டினார். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் பெரிய வேறுபாடு தெரியாது, நிமிர்த்தினால் முகம் கோரமாகிவிடும். ஒருவரின் நெற்றியும் கண்ணும் உள்ள மேல்பாதியை இன்னொருவரின் கீழ்பாதியோடு பொருத்தினால் இரண்டில் எவரையும் சட்டென்று சொல்லமுடிவதில்லை, பாதிகளைச் சற்று விலக்கி வைத்தால் சொல்லிவிடலாம் என்று ஆண்ட்ரூ யங்கின் குழு 1987இல் காட்டியது. கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாக அல்ல, அவை அமைந்த விதத்தோடு சேர்த்து முழுமையாகவே மனம் முகத்தைக் கொள்கிறது என்பது இவற்றால் உறுதியாயிற்று. இருந்தாலும் உறுப்புகளின் எடை சமமல்ல. புகழ்பெற்றவர்களின் படங்களில் கண்களை அழித்தபோது ஏற்பட்ட குழப்பத்தைவிடப் புருவங்களை அழித்தபோது ஏற்பட்ட குழப்பம் அதிகம் என்று பவன் சின்ஹாவின் குழு 2003இல் கண்டது.

பெயர் ஏன் வருவதில்லை

ஆளை அறிவதில் அன்றாடம் நேரும் தடுமாற்றங்களை 22 பேர் 8 வாரங்கள் குறித்துவைத்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஆயிரம் நிகழ்வுகள் திரண்டன. பார்த்த முகம் என்று தெரிந்தும் யாரென்று தெரியாமல் போனதுண்டு. அவர் என்ன வேலை பார்க்கிறார், எங்கே சந்தித்தோம் என்பதெல்லாம் தெரிந்தும் பெயர் மட்டும் வராமல் போனதுண்டு. பெயர் மட்டும் நினைவுக்கு வந்து, வேறு எதுவும் தெரியாமல் போனதாக ஒரு குறிப்புகூட இல்லை. இதையும் நோயாளிகளின் சான்றையும் கொண்டு விக்கி புரூசும் ஆண்ட்ரூ யங்கும் 1986இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். முதலில் முகத்தின் அமைப்பு பதிகிறது, அடுத்து பழகிய முகம் என்ற உணர்வு, அதன்பின் ஆளைப் பற்றிய விவரங்கள், கடைசியில்தான் பெயர். முகபாவத்தைப் படிக்கும் வேலை இதிலிருந்து பிரிந்து வேறு வழியில் நடக்கிறது. இரு வழிகளும் முற்றிலும் தனியானவை அல்ல என்று பிற்கால ஆய்வுகள் திருத்தினாலும், இத்துறை இன்றும் இந்த மாதிரியையே தொட்டுப் பேசுகிறது.

முகபாவம் உலகப் பொதுவா

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிடவியலாளர் பலர் முகபாவம் பண்பாட்டில் கற்பது என்றே கருதினார்கள். அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் 1967 முதல் பாப்புவா நியூகினி மலைநாட்டு ஃபோரே மக்களிடம் இதைச் சோதித்தார். பிள்ளை இறந்துபோயிற்று, நண்பர்கள் வந்தார்கள் என்பது போன்ற சிறு கதைகளைச் சொல்லி, பொருந்தும் முகத்தைப் படங்களிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தார். வெளியுலகத் திரைப்படங்களைப் பார்த்திராத 189 பெரியவர்களும் 130 சிறுவர்களும் பெரும்பாலும் எதிர்பார்த்த படங்களையே தொட்டார்கள். ஆனால் அச்சத்தையும் வியப்பையும் பிரிப்பதில் பெரியவர்கள் தடுமாறினார்கள். 1978இல் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் முகத்தசை அசைவுகளுக்கு எண் கொடுத்து வகைப்படுத்திய முறை, இன்று அசைவூட்டத் திரைப்படம் வரை பயன்படுகிறது.

எதிர்ப்பும் வலுத்தது. விடைகளைப் பட்டியலிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே ஒப்புமையை மிகைப்படுத்துகிறது என்று ஜேம்ஸ் ரசல் 1994இல் வாதிட்டார். மேற்கில் அச்சம் எனப்படும் கண் விரிந்து வாய் பிளந்த முகத்தை, டிரோப்ரியண்ட் தீவு இளையோர் மிரட்டும் முகமாகப் படித்தார்கள் என்று 2016இல் ஓர் ஆய்வு கூறியது. மறுபுறம், நாட்டிய சாத்திர வழிவந்த பாவங்களை அஹல்யா ஹெஜ்மாடியின் குழு காட்சிப்படுத்தியபோது, இந்தியரோடு அமெரிக்கரும் பெருமளவு சரியாக அறிந்தனர் (2000). ஐந்து அறிவியலாளர்கள் சேர்ந்து 2019இல் செய்த மதிப்பாய்வு சமநிலையான முடிவைத் தந்தது. கோபத்தில் முகம் சுளிப்பது தற்செயல் அல்ல. ஆனால் கோபப்படுகிறவர் எப்போதும் சுளிப்பதில்லை, சுளிப்பவர் எல்லோரும் கோபத்தில் இல்லை. முகத்தை மட்டும் பார்த்து மனத்தைத் தீர்மானிக்கும் எந்தக் கருவியையும் ஐயத்தோடு அணுக இது போதிய காரணம்.

மூளைக்குள்

குரங்கின் மூளையில் முகத்தைக் கண்டால் மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைச் சார்லஸ் கிராஸின் குழுவும் டேவிட் பெரெட்டின் குழுவும் 1980களின் தொடக்கத்தில் பதிவு செய்தன. 1997இல் நான்சி கான்விஷர், மனித மூளையின் அடிப்பக்கத்தில் பொருள்களைவிட முகங்களுக்கு மிகுதியாகத் தூண்டப்படும் ஒரு பகுதியைச் சோதித்த 15 பேரில் 12 பேரிடம் கண்டார். அது முகத்துக்கே உரியதல்ல, நன்கு பழகிய எப்பொருளையும் நுணுக்கமாகப் பிரித்தறிய உதவுவது என்று இசபெல் காத்தியே மறுத்தார். அந்த விவாதம் முற்றிலும் முடியவில்லை. ஆனால் 2012இல் வெளியான ஒரு பதிவு மறக்கவியலாதது. வலிப்பு நோய்க்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிக்கு அப்பகுதியில் சிறு மின்னோட்டம் கொடுத்தபோது, எதிரிலிருந்த மருத்துவரின் முகம் வேறொருவருடையதாக உருமாறித் தெரிந்தது. மற்ற பொருள்கள் அப்படி மாறவில்லை.

இத்திறனில் பிறவிக்கூறும் பழக்கமும் கலந்திருக்கின்றன. பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகள் முகம் போன்ற வரைபடத்தை மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பின்தொடர்ந்து பார்த்தன (1975). கண்புரையோடு பிறந்து பல ஆண்டுகளுக்குப் பின் பார்வை பெற்ற இந்தியச் சிறார்களைச் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம் ஆராய்ந்தது. அறுவைக்குப் பின் முகம் எது, முகமல்லாதது எது என்பதே அவர்களுக்குக் கடினமாயிருந்தது, சில மாதங்களில் தேறினார்கள் (2017).

சாட்சியும் அடையாள அட்டையும்

தவறான அடையாளத்தால் நிரபராதிகள் சிறை சென்றதை ஆராய்ந்த பிரிட்டனின் டெவ்லின் குழு, கண்ணால் கண்ட சாட்சியை மட்டும் வைத்துத் தண்டிப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று 1976இல் சொன்னது. பின்வந்த சோதனைகள் அதற்கு அறிவியல் துணை தந்தன. படம் ஒட்டிய கடன் அட்டையோடு ஆள் மாறி வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைப் பல்பொருள் அங்காடிக் காசாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள் (1997). 2011இல் ராப் ஜென்கின்ஸ் 40 படங்களைக் கொடுத்து ஆள்வாரியாக அடுக்கச் சொன்னார். இருந்தவர் இருவரே, நெதர்லாந்துப் பிரபலங்கள். அவர்களை அறியாத பிரிட்டனியர் பெரும்பாலும் ஏழெட்டுக் குவியல் போட, நெதர்லாந்துக்காரர்கள் இரண்டே போட்டார்கள். ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டு அதிகாரிகள், பிறர் படத்தோடு வந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினரை ஏற்றார்கள், அவர்களின் பணி அனுபவத்துக்கும் துல்லியத்துக்கும் தொடர்பில்லை (2014).

முகங்களை அபாரமாக நினைவில் கொள்ளும் சிலரும் உண்டு என்று 2009இல் தெரியவந்தபின், லண்டன் காவல்துறை அத்தகையோரைத் தேடிப் பணியமர்த்தியது. பயிற்சியைவிடத் தேர்வே பலனளிக்கிறது என்பது அங்கிருந்து கிடைத்த பாடம். பழகிய முகத்தில் கிடைக்கும் உறுதியைப் பழகாத முகத்திலும் எதிர்பார்க்கும் நம் இயல்பான நம்பிக்கையே பிழைகளின் ஊற்று. ஆகவே சாட்சியின் உறுதி எவ்வளவு திடமாக இருந்தாலும், ஒரே பார்வையில் கண்ட முகத்துக்கு வேறு ஆதாரத்தைத் தேடுவதே நீதிமன்றங்களுக்கும் காவல்துறைக்கும் இவ்வாய்வு விதிக்கும் கடமை.