ஆய்வுக்குப் பதில் சொன்னோம், முடிவு எங்கே?

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ ஆய்வுக்கு வருபவர்களுக்குப் பின்னேரப் படகைப் பிடிக்கும் அவசரம் இருக்கும். வினாக்கொத்தை நிரப்புவார்கள், சிலவேளை இரத்தமோ கிணற்றுத் தண்ணீரோ எடுப்பார்கள், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

போர் முடிந்த கையோடு, 2009 ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில், யாழ் மாவட்டத்தில் ஒரு பெரிய உளநலக் கணக்கெடுப்பு நடந்தது. இரண்டு இடம்பெயர்ந்தோர் முகாம்கள் உட்பட 1,517 வீடுகள் அதற்காகத் தெரிவுசெய்யப்பட்டன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையத்தின் ஆய்வாளர்கள் அதில் முக்கிய பங்கு வகித்தனர். முடிவு 2011 ஓகஸ்டில் ‘ஜாமா’ என்ற மருத்துவ இதழில் ஆங்கிலத்தில் வெளியானது. அதைத் தமிழில் சொன்னால் இதுதான்: நூறு பேரில் ஏறத்தாழ 33 பேருக்குப் பதகளிப்பின் அறிகுறிகள், 22 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள், 7 பேருக்கு மனவடு நோயின் அறிகுறிகள். முகாம்களில் இருந்தவர்களிடம் இவை இன்னும் அதிகமாகக் காணப்பட்டன. இவை கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களில் தெரிந்த அறிகுறிகள் மட்டுமே, வைத்தியர் பார்த்துச் சொன்ன நோய்கள் அல்ல. ஆனாலும் இரவில் நித்திரை வராமல் தவித்த ஒருவருக்கு, தன்னைப்போல் மூன்றில் ஒருவர் இருந்தார் என்று தெரிவதே ஒரு உதவிதான். அந்த உதவி ஆங்கில இதழுக்குள் நின்றுவிடக் கூடாது. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் உளநலம் பற்றித் தமிழிலும் எழுதியதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும்.

இரண்டு வகை முடிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஊருக்கான பொது முடிவு. மற்றது, உங்கள் வீட்டுக்கான தனி முடிவு. தனி முடிவு பிந்தினால் ஆபத்து அதிகம். கிணற்றில் நைத்திரேற்று இருக்கிறதா என்று சோதித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் செல்வது குறையலாம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். முடிவைச் சொல்லாவிட்டால் தாய் கொதிக்கவைத்தே கொடுத்துக்கொண்டிருப்பார்.

கேட்பது சலுகை அல்ல. மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம், ஆய்வின் பொதுவான முடிவை அறியும் வாய்ப்பைப் பங்குபற்றிய எல்லோருக்கும் வழங்க வேண்டும் என்கிறது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள்: முடிவை எப்போது, எந்த மொழியில், யார் வந்து சொல்வார்? படிவத்தின் பிரதியையும், அனுமதி கொடுத்த ஒழுக்கநெறிக் குழுவின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வையுங்கள்.

சொல்லும் முறையிலும் கவனம் தேவை. தீவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ‘இந்த வட்டாரத்தில் கணவரைக் காணாமல் தேடும் மூன்று பெண்களில் இருவருக்கு மனச்சோர்வு’ என்று ஒரு கூட்டத்தில் படித்தால், பெயர் சொல்லாவிட்டாலும் அவர்கள் யாரென்று சனத்துக்கு விளங்கிவிடும். தனி முடிவை வீட்டில் சொல்ல வேண்டும். பொது முடிவை மாதர் சங்கத்திலோ கடற்றொழிலாளர் சங்கத்திலோ சொல்லலாம், அதுவும் ஆளை அடையாளம் காட்டாத அளவுக்குத் தொகுத்து.

அரச நிறுவனமோ பல்கலைக்கழகமோ செய்த ஆய்வென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எழுத முடியாத முதியவர் வாய்மொழியாகக் கேட்டால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அடுத்த வீட்டாரின் மருத்துவப் பதிவை இப்படி வாங்க முடியாது. ஊரைப் பற்றிய ஆய்வறிக்கையைக் கேட்கலாம்.