எந்தப் பக்கத்தில், எதைவிட? நூல் மதிப்புரையில் புறவயக் கூற்றும் அகவயக் கூற்றும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல், பள்ளி ஆண்டு விழா மலருக்காக ஒரு நூல் மதிப்புரை எழுதும்படி மாணவரைக் கேட்கிறது. தலைப்பு, மையப்பொருள், மொழிநடை, வெளிப்படும் கருத்து, நயம், கட்டமைப்பு, சிறப்புக்கூறு, ஆசிரியர் என எட்டுக் குறிப்புகளையும் தருகிறது. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள கணியம்பாடியில் படிக்கும் மாணவரும் சென்னையில் படிக்கும் மாணவரும் இந்த எட்டின் கீழ்தான் எழுதுகிறார்கள். தலைப்பு, ஆசிரியர், கட்டமைப்பு ஆகியவற்றை யாரும் நூலைப் புரட்டிச் சரிபார்த்துவிடலாம். நயமும் சிறப்புக்கூறும் எழுதுபவரின் தீர்ப்பு. இரு வகையும் ஒரே வரிசையில் வேறுபாடு சொல்லப்படாமல் நிற்கின்றன. அதனால் மாணவர் நயத்தையும் ஆசிரியர் பெயரைப் போல ஒரு தகவலாக எண்ணி, கையேட்டிலிருந்து மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார். நடை எளிமையானது, அனைவரும் படிக்க வேண்டிய நூல் என்ற வாக்கியங்கள் எந்த நூலுக்கும் பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு மதிப்புரையை மதிப்பிடுபவர் அதிலுள்ள, சரிபார்க்கத்தக்க புறவயக் கூற்றையும் எழுதுபவரின் தீர்ப்பான அகவயக் கூற்றையும் பிரித்தறிய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சிக்கல். 'எனக்கு', 'என் பார்வையில்' என்று வந்தால் அகவயம், வராவிட்டால் புறவயம் என்பது வகுப்பறையில் நிலவும் எளிய வழி. இந்த வழி தவறானது என்பதும், ஒரு கூற்றின் இலக்கண வடிவத்தை விட அது தன்னைச் சோதிக்க இடம் தருகிறதா என்பதே அளவுகோலாக வேண்டும் என்பதும் என் வாதம்.

கு. சின்னப்ப பாரதியின் 'சங்கம்' கொல்லிமலைப் பழங்குடி மக்களின் வாழ்வைக் களமாகக் கொண்ட நாவல். கணியம்பாடி மாணவர்கள் சிலர் அதற்கு மதிப்புரை எழுதுவதாக வைத்துக்கொண்டு, நான்கு வாக்கியங்களை நானே அமைத்துத் தருகிறேன். ஒன்று: 'இந்நாவலின் களம் கொல்லிமலை.' இரண்டு: 'இது கேரளத்திலிருந்து வந்து குடியேறிய மலையாளிகளின் கதை.' மூன்று: 'மலைவாழ் மக்களின் வாழ்க்கையை ஆசிரியர் அப்படியே படம்பிடித்திருக்கிறார்.' நான்கு: 'எனக்கு உரையாடல்கள் ஒட்டவில்லை, ஜவ்வாது மலையில் உள்ள எங்கள் சொந்தக்காரர்கள் இப்படிப் பேசுவதில்லை.'

முதல் வாக்கியத்தில் விவாதமில்லை. இரண்டாவது, வடிவில் முழுக்கப் புறவயமானது, செய்தியோ பொய். கொல்லிமலை, ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. புறவயமான கூற்று என்றாலே உண்மையான கூற்று என்று பலரும் எண்ணுகிறார்கள். சரிபார்க்கத்தக்கது என்பது மட்டுமே அதன் தகுதி. சரிபார்த்த பிறகு அது விழவும் கூடும்.

மூன்றாவது வாக்கியத்தில் 'நான்' இல்லை, உணர்ச்சிச் சொல்லும் இல்லை. ஆனால் 'அப்படியே' என்ற சொல் ஓர் ஒப்பீட்டைக் கோருகிறது. நாவலில் உள்ள வாழ்வை மலையில் உள்ள வாழ்வோடு வைத்துப் பார்த்தவரே அதைச் சொல்ல முடியும். மலையேறாத, அம்மக்களைப் பற்றி வேறொரு நூலும் படிக்காத ஒருவர் அதை எழுதும்போது, தகவல் போன்ற தோற்றத்தில் தம் விருப்பத்தைத் தருகிறார். தமிழ் வார இதழ்களின் நூல் அறிமுகப் பகுதிகளில் அதிகம் புழங்குவது இந்த வகைதான். வெளிப்படையான புகழ்ச்சியை வாசகர் தள்ளுபடி செய்து படிக்கிறார்; இதை அப்படிச் செய்வதில்லை. எனவே நான்கில் மிகவும் கேடானதாக இதையே கருதுகிறேன்.

நான்காவது வாக்கியம் 'எனக்கு' என்று தொடங்குவதால் எளிய வழி அதை அகவயப் பெட்டியில் போட்டுவிடும். அதற்குள்ளோ சோதிக்கத்தக்க ஒரு கூற்று இருக்கிறது. உரையாடல் உள்ள பக்கத்தை எடுத்து, மலையூர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டி, எந்தச் சொல் ஒட்டவில்லை என்று கேட்கலாம். கேட்டால், கொல்லிமலைப் பேச்சுக்கும் ஜவ்வாது மலைப் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் கணக்கில் எடுக்கவில்லை என்றுகூடத் தெரியவரலாம். அப்போதும் அவர் தவறாகச் சொன்னார் என்றுதான் ஆகும். வெறுமனே சொன்னார் என்று ஆகாது. தவறாகச் சொல்ல முடிவதே ஒரு தகுதி.

இந்தப் பாகுபாட்டுக்கு நம் மரபில் கருவிகள் உண்டு. பவணந்தியின் இலக்கண நூலான நன்னூல், ஒரு நூலின் முன்னுரையான சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டியவற்றைச் சொல்லும்போது, நூலாசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அமைப்பு, பொருள், கேட்போர், பயன் என்று எட்டைத் தருகிறது. இவை பெரும்பாலும் நூலைப் பற்றிய விவரங்கள். ஆசிரியர் தம்மைத் தாமே புகழலாகாது என்று தடுத்து, பாயிரம் சொல்லும் உரிமையை அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர் என்று பிறருக்கே தருகிறது. இந்நால்வரும் நூலாசிரியருக்கு வேண்டியவர்கள் என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் சொல்பவர் யார், அவருக்கும் நூலுக்கும் என்ன உறவு என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

என் நோக்கத்துக்கு அதைவிடப் பயன்படுவது நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்கள். அவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. கூறியது கூறல், மாறுகொளக் கூறல் ஆகிய குற்றங்களைச் சாட்டுபவர் இரண்டு பக்க எண்களைக் காட்டினால் போதும். நூலை விரும்புபவரும் ஏற்றாக வேண்டும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்று சொன்னால் எந்த அளவுக்குக் குறைவு, யாருக்கு மிகை என்ற கேள்வி எழும். அளவைச் சொல்லாமல் குற்றத்தைச் சொல்ல முடியாது. வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்திறுதல் ஆகியவை வாசிப்பு அனுபவத்தைச் சார்ந்தவை. தொடக்கத்தில் இருந்த வலு முடிவில் இல்லை என்பதைப் பக்க எண்ணால் மட்டும் நிறுவிவிட முடியாது. இரண்டு பகுதிகளையும் எடுத்து வைத்து, பாருங்கள் என்று அழைக்கத்தான் முடியும். புறவயமும் அகவயமும் இரண்டு பெட்டிகளாக இல்லாமல் ஒரு சரிவாக இருப்பதை இந்தக் குற்றங்கள் காட்டுகின்றன.

நவீன காலத்தில் இதே சிக்கல் விமர்சகர்களான க.நா. சுப்ரமண்யத்துக்கும் சி.சு. செல்லப்பாவுக்கும் இடையே விமர்சன முறையாகப் பிரிந்தது. தேர்ந்த வாசகரின் ரசனையே தீர்ப்பு என்று க.நா.சு. பட்டியல்களாகவும் சுருக்கமான மதிப்பீடுகளாகவும் எழுதினார். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய செல்லப்பா, படைப்பைப் பகுத்து அலசிக் காட்ட வேண்டும் என்றார். இருவருக்கும் தமிழ் கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு மாணவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியது செல்லப்பாவின் வழியே. க.நா.சு.வின் தீர்ப்புக்குப் பின்னால் பல மொழிகளில் ஆயுள் முழுதும் படித்த படிப்பு நின்றது. அந்தப் படிப்பில்லாதவர் அதே தொனியில் தீர்ப்பு மட்டும் சொன்னால் அது வெறும் தொனியாகவே நிற்கும். 1930களில் பாரதி மகாகவியா என்று கல்கி தரப்புக்கும் மணிக்கொடி எழுத்தாளர்களுக்கும் நடந்த விவாதத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கல்கி தரப்புக்குக் கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய மறுப்பு 1937இல் 'கண்ணன் என் கவி' என்று நூலாயிற்று. பாரதியின் கவிதைகள் இரு தரப்பார் முன்னும் இருந்தன. மகாகவி என்பதற்கான அளவுதான் பொதுவாக இல்லை.

பொது அளவு எப்படி உண்டாகிறது என்பதற்குக் கணியம்பாடியே ஒரு சான்று தருகிறது. அது இலக்கியத்துக்கு வெளியே உள்ள சான்று. கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாகப் பிறப்பு, இறப்புகளைப் பதிந்துவருகிறது. வீட்டில் நேர்ந்த மரணத்துக்குக் காரணம் அறிய உறவினரிடம் விசாரிக்கிறார்கள். உறவினர் சொல்வது துயரமும் அச்சமும் கலந்த நினைவு. அதைவிட அகவயமான சான்று வேறில்லை. ஊர்ச் சுகாதாரப் பணியாளர் கொண்டுவரும் தகவலைச் சுகாதார உதவியாளரும் செவிலியரும் மருத்துவரும் அடுத்தடுத்துச் சரிபார்த்த பிறகே காரணம் பதிவாகிறது. 1994 முதல் 1999 வரையிலான இந்தப் பதிவுகளை வைத்து 2003இல் வெளியான ஆய்வு, தற்கொலை மரணங்கள் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 95.2 என்று கண்டது. நாடு முழுவதற்கும் அப்போது சொல்லப்பட்ட அரசு எண்ணைப் போல் இது பல மடங்கு. அந்த அரசு எண்ணுக்கு அடிப்படையான காவல்துறைப் பதிவேட்டின் எண் பார்வைக்குப் புறவயமானது, ஆனால் வீடுகள் மறைத்ததை அது அறியவில்லை. மனிதர்களின் வாய்மொழியில் தொடங்கிய எண், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதித்ததால் நம்பகம் பெற்றது. புறவயம் என்பது சொல்பவர் இல்லாமல் போவதால் வருவதில்லை. அவர் சொன்னதை அடுத்தவர் சோதிக்க வழி இருப்பதால் வருகிறது.

மதிப்புரைக்கும் இதைக் கொண்டுவரலாம். ஒவ்வொரு கூற்றிடமும் எந்தப் பக்கத்தில், எதைவிட என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் பெரும்பகுதி தெளிந்துவிடும். முதல் கேள்விக்கு விடை தருவது விவரம். இரண்டுக்கும் தருவது காரணமுள்ள தீர்ப்பு. இரண்டுக்கும் விடையின்றி நிற்பது புகழோ வசையோ மட்டும்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர், மாணவர் தேர்ந்த நூலைப் படித்திருக்கவே மாட்டார். கட்டுக்கட்டாகக் குவிந்த தாள்களுக்கு நடுவே நூலைத் தேடிச் சரிபார்க்கவும் முடியாது. அப்படியானால் சோதிக்கத்தக்கது, சோதிக்க முடியாதது என்ற பாகுபாடு அங்கே எதற்கு? நூல் கையில் இல்லாதபோதுதான் அது மிகவும் தேவை என்பேன். படிக்காத நூலைப் பற்றிய கூற்று உண்மையா என்று ஆசிரியரால் சொல்ல முடியாது. அது சோதனைக்கு இடம் தருகிறதா என்பதை விடைத்தாளிலிருந்தே சொல்ல முடியும். மேலே காட்டிய நான்காம் வாக்கியத்தை எழுதிய மாணவர் நாவலின் ஓர் உரையாடலை உண்மையாகவே கேட்டிருக்கிறார் என்பது 'சங்கம்' படிக்காதவருக்கும் விளங்கும். மூன்றாம் வாக்கியத்தை எழுதியவர் நாவலைத் திறந்தாரா என்பதே விளங்காது. இன்றைய முறையில் மூன்றாமவருக்கு 'சிறப்புக்கூறு' என்ற குறிப்புக்கான மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். நான்காமவருக்கு, குறை சொன்னதாலேயே குறையவும் கூடும். பாடநூலின் எட்டுக் குறிப்புகளில் 'நயம்' இருக்கும் இடத்தில், உன்னை நிறுத்திய ஒரு பத்தி எது, ஏன் என்று கேட்டால் போதும். திருத்துபவர் எதைத் தேட வேண்டும் என்பதும் மாறும்.