ஹைட்ஸ்வில் சகோதரிகள்

சென்ற கோடை விடுமுறைக்கு என் தங்கை தன் மகளுடன் வந்திருந்தாள். பெண்ணுக்குப் பதினைந்து வயது. வந்த நாளிலிருந்து ஒரு தடித்த ஆங்கில நாவலைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில்கூட அதுதான். மூன்றாம் நாள் முடித்துவிட்டு என்னிடம் கொண்டு வந்து நீட்டினாள்.

"மாமா, நீங்களும் கதை எழுதுகிறீர்களே, இந்த மாதிரி ஒன்று எழுதக் கூடாதா?"

புரட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பையன்களும் பெண்களும் ஏழெட்டுப் பேர். ஒருத்தி இறந்தவர்களோடு பேசுகிறாள். ஒருவன் பார்வையாலேயே பொருள்களை நகர்த்துகிறான். பெரியவர்களுக்கு இது தெரிந்துவிடுகிறது. அப்புறம் துரத்தலும் தப்பித்தலுமாக நானூறு பக்கம்.

"நிஜமாகவே இப்படி யாராவது இருந்திருக்கிறார்களா?" என்று கேட்டாள்.

"இருந்ததாகப் பாதி உலகம் நம்பியது. இரண்டு பெண்கள். இரண்டு பேருக்குமே உன் வயது ஆகவில்லை" என்றேன்.

அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தின் வடமேற்கே, ராச்செஸ்டர் நகரத்திலிருந்து அதிக தூரமில்லாத ஒரு குக்கிராமம் ஹைட்ஸ்வில். 1847 டிசம்பரில் ஜான் ஃபாக்ஸ் என்ற கொல்லர் அங்கே ஒரு சின்ன மரவீட்டில் மனைவியுடனும் கடைசிப் பெண்கள் இருவருடனும் குடியேறினார். மூத்தவள் மார்கரெட், எல்லாரும் மாகி என்று கூப்பிடுவார்கள். இளையவள் கேட். மாகிக்கு 14 வயது, கேட்டுக்கு 11 வயது. ஒன்றிரண்டு வயது முன்பின்னாகச் சொல்பவர்களும் உண்டு.

பனிக்காலம் கழிந்து மார்ச் மாதம் வந்ததும் அந்த வீட்டில் இரவு நேரங்களில் தட்டும் சப்தம் கேட்கத் தொடங்கியது. சுவரில் தட்டுவது போலவும் இருக்கும், கட்டிலுக்கு அடியில் தட்டுவது போலவும் இருக்கும். தகப்பனார் ஜன்னல்களை ஆட்டிப் பார்த்தார். காரணம் அகப்படவில்லை. 1848 மார்ச் 31-ந் தேதி இரவு, தூக்கமில்லாமல் சோர்ந்துபோன குடும்பம் சீக்கிரமே படுக்கப் போயிற்று. சப்தம் கிளம்பியது. அப்போது கேட் எழுந்து உட்கார்ந்து, குளம்பு பிளந்த சாத்தானை அழைப்பதுபோல் வேடிக்கையாக அழைத்து, தான் செய்வதைத் திருப்பிச் செய்யச் சொல்லிச் சொடக்குப் போட்டாள். எத்தனை சொடக்கோ அத்தனை தட்டு பதிலாக வந்தது.

தாயார் நடுநடுங்கிப் போனாள். ஆனால் தாய் அல்லவா, ஒரு பரீட்சை வைத்தாள். தன் குழந்தைகளின் வயதை வரிசையாகச் சொல்லும்படி கேட்டாள். ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் வயதுக்குச் சரியாகத் தட்டு விழுந்தது. எல்லாம் முடிந்து சற்று நின்று, பிறகு அழுத்தமாக மூன்று தட்டு. மூன்று வயதில் இறந்துபோன கடைசிக் குழந்தைக்கு!

அந்த மூன்று தட்டுக்குப் பிறகு தாயாருக்குச் சந்தேகமே இல்லை. தன் குழந்தைகளின் வயது தன் பெண்களுக்கும் தெரியும் என்பது அந்த இரவில் அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்காக அவளை யார் குறை சொல்ல முடியும்?

அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். முன்பு அந்த வீட்டில் கொலையுண்டு நிலவறையில் புதைக்கப்பட்ட ஒரு தலைச்சுமை வியாபாரியின் ஆவி அது என்று தட்டுக்கள் மூலம் 'தெரிய வந்தது'. நிலவறையைத் தோண்டினார்கள். தண்ணீர் ஊறி வந்ததால் அப்போதைக்கு நிறுத்தினார்கள். சில வாரங்களுக்குள் அயலூர் வக்கீல் ஒருவர் சாட்சிகளின் வாக்குமூலங்களைத் திரட்டிச் சிறு புத்தகமாகவே அச்சடித்துவிட்டார். மறுநாள் ஏப்ரல் முதல் தேதி, அதாவது முட்டாள்கள் தினம் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் இன்னொருத்தி கதைக்குள் வருகிறாள். பெண்களின் மூத்த அக்காள் லியா. தங்கைகளைவிட இருபது வயதுக்கு மேல் பெரியவள். ராச்செஸ்டரில் சங்கீதம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்து வந்தாள். செய்தி கேட்டு வந்தவள், தங்கைகளை ராச்செஸ்டருக்கு அழைத்துச் சென்றாள். அங்கே ஆங்கில நெடுங்கணக்கை ஒருவர் வாசிக்க, வேண்டிய எழுத்து வரும்போது தட்டு விழும் என்ற ஏற்பாடு உண்டாயிற்று. 1844-ல்தான் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அடித்துக் காட்டியிருந்தார். கம்பி வழியாக நாற்பது மைல் தாண்டிச் சேதி வருமானால், மரணத்தைத் தாண்டி ஏன் வரக் கூடாது என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

1849 நவம்பர் 14-ந் தேதி ராச்செஸ்டர் கொரிந்தியன் மண்டபத்தில் சுமார் நானூறு பேர் ஆளுக்கு 25 சென்ட் கொடுத்து உட்கார்ந்தார்கள். தட்டு கேட்டது. கமிட்டிகள் ஏற்பட்டன. ஒரு கமிட்டிப் பெண்மணிகள் சகோதரிகளின் உடைகளைக் களையச் செய்துகூடச் சோதித்தார்கள். மோசடி எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். கடைசி நாள் ஜனக் கும்பல் கலகத்தில் இறங்கிற்று.

அடுத்த வருஷம் மூன்று சகோதரிகளும் நியூயார்க் நகரத்துக்குப் போனார்கள். ஹோட்டல் அறையில் நாள்தோறும் கூட்டம். வந்தவர்களில் ஒருவர் 'டிரிப்யூன்' பத்திரிகாசிரியர் ஹொரேஸ் கிரீலி. அறிவாளி, எதையும் எளிதில் நம்பாதவர். ஆனால் 1849 ஜூலையில் காலரா அவருடைய ஐந்து வயது மகனைக் கொண்டு போயிருந்தது. அவர் மனைவி அந்தத் துக்கத்திலிருந்து மீளவில்லை. கேட்டைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அந்த வீட்டில் வேறு என்ன வேலை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செத்துப்போன ஒரு பையனைக் கொண்டு வந்து தாயிடம் கொடுக்க வேண்டும். தினமும் கொடுக்க வேண்டும்.

கண்டுபிடித்தவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். 1851 பிப்ரவரியில் பஃபலோ நகரத்து வைத்தியர்கள் மூவர், சப்தம் முழங்கால் மூட்டிலிருந்து வருகிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். சகோதரிகளின் கால்களை நீட்டி, குதிகாலை மெத்தைமேல் வைத்து உட்காரச் செய்தால் ஆவிகள் மௌனமாகிவிட்டன. அதே ஏப்ரலில் உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி, கேட் தனக்கே அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்ததாகவும், அது கால்விரல்களால் செய்வது என்றும் வாக்குமூலம் கொடுத்தாள். யார் கேட்டார்கள்? 1854-ல் இந்த அற்புதங்களை ஆராயக் குழு அமைக்கும்படி சுமார் 15,000 பேர் கையெழுத்திட்ட மனு அமெரிக்க செனட் சபைக்குப் போயிற்று. சபையார் சிரித்துவிட்டு ஒதுக்கி வைத்தார்கள். பிறகு 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வீட்டுக்கு வீடு ஒரு நாற்காலி காலியான தேசத்தில் தட்டும் மேஜைகளுக்கு எப்படிக் குறைவு ஏற்படும்?

ஹைட்ஸ்வில்லில் மூட்டிய இந்த நெருப்பின் ஒரு பொறி நம் சென்னைக்கும் வந்தது. 1874-ல் வெர்மான்ட் மாகாணத்துப் பண்ணை வீடு ஒன்றில் ஆவிகள் உருவெடுத்து நடமாடுகின்றன என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போன கர்னல் ஆல்காட், அங்கேதான் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். மறு வருஷம் நியூயார்க்கில் பிரம்மஞான சபை பிறந்தது. 1882-ல் அது அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது.

சகோதரிகள் என்ன ஆனார்கள்? மாகியின் வாழ்க்கையில் எலிஷா கென்ட் கேன் என்ற வட துருவ யாத்திரிகர் குறுக்கிட்டார். பெரிய குடும்பத்துப் பிள்ளை, வைத்தியர், தேசப் பிரசித்தர். அவளை விரும்பினார், இந்தத் தட்டும் தொழிலை விடச் சொன்னார், படிப்பதற்கு ஒரு கிராமத்தில் கொண்டு விட்டார். 1853-ல் துருவப் பனிக்குள் போனவர் 1855-ல் திரும்பினார். குடும்பம் சம்மதிக்கவில்லை. 1857-ல் ஹவானாவில் இறந்து போனார். ரகசியமாகக் கல்யாணம் நடந்தது என்று மாகி சாகும்வரை சொன்னாள். அவர் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டாள். இறந்தவர்களோடு பேசுகிறவள் என்று பேரெடுத்த பெண், தனக்கென்று ஒருவரை இழந்தபோது எந்த மேஜையருகே போய் உட்காருவாள்? குடியில் விழுந்தாள்.

கேட் லண்டனுக்குப் போனாள். தாலியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் அவளைச் சோதித்து, சப்தம் உண்மையானதே என்றார். அவள் ஒரு பாரிஸ்டரை மணந்தாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 1881-ல் கணவர் இறந்தார். அவளையும் குடி பிடித்தது. லியா மட்டும் பணக்காரரை மணந்து செல்வாக்கோடு இருந்தாள்.

1888 அக்டோபர் 21-ந் தேதி இரவு. நியூயார்க்கில் பெரிய சங்கீத மண்டபம் நிரம்பி வழிந்தது. மாகி மேடை ஏறினாள். நாற்பது வருஷமாக நடந்தது அத்தனையும் பொய் என்றாள். காலணியைக் கழற்றிவிட்டு ஒரு பலகையின்மேல் காலை வைத்தாள். சபையிலிருந்து வைத்தியர்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். கால் கட்டைவிரலின் மூட்டு, நாம் விரலில் நெட்டி முறிப்போமே அதுபோல் அசைந்தது. மண்டபம் முழுவதும் தட்டு கேட்டது. கேட் மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பயமுறுத்தச் சிறுமிகள் முதலில் ஓர் ஆப்பிளை நூலில் கட்டித் தரையில் தட்டினார்களாம். அதிலிருந்து கால்விரலுக்குப் போனார்களாம். அக்காள் வந்த பிறகு நிறுத்த வழியில்லாமல் போயிற்றாம்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டதா? அதுதான் இல்லை. நம்பினவர்கள், "பாவம், குடியும் வறுமையும் அவளைப் பொய் சொல்ல வைத்துவிட்டன" என்றார்கள். சிறுமியின் விளையாட்டைத் தெய்வ வாக்காக ஏற்றவர்கள், ஐம்பது வயதுப் பெண்ணின் சத்தியத்தைக் குடிகாரியின் உளறல் என்றார்கள். அடுத்த வருஷம் நவம்பரில் மாகியே தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே! 1890-ல் லியாவும், 1892-ல் கேட்டும், 1893-ல் மாகியும் இறந்தார்கள். தங்கைகள் இருவரும் சாகும்போது கையில் காசில்லை. 1926-ல் கானன் டாயில் ஆவியுலகச் சரித்திரம் எழுதினபோதுகூட அந்த ஒப்புதலை ஏற்கவில்லை. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவர்! அவரும் 1918-ல் மகனை இழந்தவர்.

கதை முடிந்ததும் தங்கை மகள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "விளையாட்டு என்று மறுநாளே சொல்லியிருக்கலாமே மாமா? சொல்ல என்ன பயம்?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

கல்லூரி ஹாஸ்டலில் ஒரு ராத்திரி தரையில் சாக்பீஸால் வட்டமாக எழுத்துக்களை எழுதி, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, நான்கு பேர் விரல் வைத்து ஆவியை அழைத்தோம். ஒரு நண்பனுக்கு ஆறு மாதத்துக்கு முன் தாயார் தவறியிருந்தார். டம்ளர் நகர்ந்தது. அந்த அம்மாள் அவனை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை எழுத்து எழுத்தாகத் தொட்டது. அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். டம்ளரை நகர்த்தியது என் விரல். அந்தப் பெயரை அவனுக்கு வந்த ஒரு கார்டில் முன்பே பார்த்திருந்தேன். சிரிக்க வைப்பதற்காகத்தான் செய்தேன். அழுகிறவனிடம் எப்படிச் சொல்வது? காலையில் சொல்லலாம் என்று படுத்தேன். காலையில் அவன் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. சொல்லவில்லை.

சில வருஷங்களுக்கு முன் அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். மனைவியிடம், "அம்மா வந்தாள் என்று சொல்வேனே, அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது இவன்தான்" என்று என்னை அறிமுகப்படுத்தினான். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு வந்து சேர்ந்தேன்.

ஒரே ஓர் இரவு. என்னாலேயே முடியவில்லை. நாற்பது வருஷத்தைச் சுமந்துகொண்டு மேடை ஏறிக் காலணியைக் கழற்றியவளை என்னால் சுலபமாக மோசக்காரி என்று சொல்ல முடியவில்லை.

என் நண்பன் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறவன்.