ஐம்பது மீண்டும் ஐம்பதான கதை

சென்ற மாதம் ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்று வாங்கினேன். புதிது அல்ல, ஒருவர் பயன்படுத்தி விற்றது. எழுபதைத் தாண்டிய பென்ஷன்காரருக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இந்த 'ஃபுல்' என்ற சொல்லே வேடிக்கையானது. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், சினிமா ஃபிலிமைக் கொண்டு கைக்கடக்கமான கேமரா ஒன்றைச் செய்தார். சினிமாவில் ஒரு கட்டம் 18க்கு 24 மில்லிமீட்டர். அதை இரட்டித்து 24க்கு 36 ஆக்கினார். 1925இல் லைப்சிக் சந்தையில் அது 'லைக்கா' என்ற பெயரில் வெளிவந்தது. பெரிய கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துப் பழகியவர்களுக்கு அது குட்டிப் படம். பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் அதை 'பெத்தி ஃபோர்மா', அதாவது சின்ன அளவு என்போம். இன்று அதே பிரெஞ்சில் 'ப்ளேன் ஃபோர்மா', முழு அளவு! மில்லிமீட்டர் மாறவில்லை.

டிஜிட்டல் வந்த புதிதில் அவ்வளவு பெரிய சென்சார் செய்வது கட்டுப்படியாகவில்லை. சிலிக்கான் தகட்டில் பெரிய துண்டாக வெட்டினால் எண்ணிக்கை குறையும், பழுது கூடும். 1999இல் வந்த நிக்கான் டி1 கேமராவின் சென்சார் ஏறக்குறைய 16க்கு 24தான். 2002இல் கான்டாக்ஸும் கேனனும் பழைய அளவுக்குத் திரும்பின. என் போன்றவர்கள் வாங்கும் விலைக்கு வர இன்னும் பல வருடங்கள் ஆயின.

என் கதைக்கு வருகிறேன். கப்பலில் வேலை பார்த்த மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த நிக்கானும் 50 மி.மீ. லென்ஸும் என்னிடம் இருந்தன. 1979இல், தூத்துக்குடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து, ஊட்டித் தயாரிப்பான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமில் ஒரு படம் எடுத்தேன். இடக்கோடியில் பழைய துறைமுகத்தில் பாய் கட்டிய தோணிகள். வலக்கோடியில் கைப்பிடிச் சுவரருகே மூத்த மகளை இடுப்பில் வைத்தபடி என் மனைவி.

பின்னாளில் டிஜிட்டல் கேமராவில் அதே லென்ஸை மாட்டி, அந்த வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு மேலே போனேன். சின்ன சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும்தான் பிடிக்கும். 50 லென்ஸ் 75 போல ஆகிவிடும். மனைவி வந்தால் துறைமுகம் இல்லை, துறைமுகம் வந்தால் மனைவி இல்லை. பின்னால் நகரவும் முடியாது, தண்ணீர்த் தொட்டி முதுகில் இடித்தது.

"35 லென்ஸ் ஒன்று வாங்குங்கள் அப்பா, ஏறக்குறைய இதே காட்சி வரும்" என்றான் மகன். உண்மை, செலவும் மிகக் குறைவு. ஆனால் எனக்கு அந்த லென்ஸின் கண்ணாடி வழியாகவே பார்க்க வேண்டியிருந்தது. இதற்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிறு மறுபடி ஏறினோம். மனைவிக்கு முழங்கால் வலி, படிக்குப் படி நின்று வந்தாள். அதே தொட்டி, அதே மூலை. பாய்மரங்கள் இல்லை, தோணிகள் இன்று எஞ்சினில் ஓடுகின்றன.

"இந்தத் தடவையாவது முழுசா வந்தேனா?" என்றாள். வந்திருந்தாள், கடலும் வந்திருந்தது.

பழைய கேமராவை விற்கவில்லை. உப்பளத்துப் பறவைகளை எட்டிப் பிடிக்க அந்தச் சின்ன சென்சார்தான் வசதி. புதியது கனம் வேறு, அரை மணி நேரத்தில் தோள் வலிக்கிறது.